ஒன்பதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே

'46,எக்ஸ்ஒய்,டி(9;22)(கியூ34;கியூ11.2)[20].' மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணியிலோ பீடோங்கிலோ குரூணிலோ வாழும் ஒரு குடும்பத்தின் கைக்கு வரும் ஆய்வக அறிக்கையில் இப்படி ஒரு வரி இருக்கும். வீட்டில் பல்கலைக்கழகம் வரை படித்த பிள்ளை இருந்தாலும் இதை வாசித்துச் சொல்வது கடினம். ஏனென்றால் இது ஆங்கிலமும் இல்லை, மலாயும் இல்லை. உலகெங்கும் குரோமோசோம் ஆய்வகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குறியீட்டு முறை.

படிக்கத் தெரிந்துகொண்டால் அது அப்படியொன்றும் முரட்டு வரி இல்லை. 46 என்பது ஓர் உயிரணுவில் இருந்த குரோமோசோம்களின் எண்ணிக்கை. மனிதருக்கு இருக்க வேண்டிய எண்ணிக்கைதான். எக்ஸ்ஒய் என்றால் நோயாளி ஆண். 'டி' என்பது இரண்டு குரோமோசோம்கள் உடைந்து தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதைச் சொல்கிறது. எந்த இரண்டு? ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும். 'கியூ' குரோமோசோமின் நீண்ட கை, அதன் பக்கத்திலுள்ள எண்கள் உடைந்த இடத்தின் விலாசம். கடைசி அடைப்பிலிருக்கும் இருபது, எத்தனை உயிரணுக்களில் இந்த மாற்றம் தெரிந்தது என்பதற்கான கணக்கு. வழக்கமாக இருபது உயிரணுக்களைப் பார்ப்பார்கள். மொத்தத்தையும் கூட்டிப் படித்தால் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். மருத்துவர்கள் வாயில் சிஎம்எல்.

இருபதுக்கு இருபது என்று பார்த்ததும் நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் பதறுவதுண்டு. பதற வேண்டியதில்லை. இந்த நோயில் முதல் நாள் அறிக்கை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நோயின் கட்டத்தைத் தீர்மானிக்க வேறு கணக்குகள் உண்டு. மருந்து தொடங்கிய பிறகு வரும் அறிக்கையில் அதே வரி மூன்று உயிரணுக்களுக்கும், பதினேழு உயிரணுக்களுக்கு வெறும் '46,எக்ஸ்ஒய்' என்றும் பிரிந்து நின்றால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

இந்த வரியைப் படிக்க மருத்துவ உலகத்துக்கே நெடுங்காலம் பிடித்தது. 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவரும் இந்நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்துக்கு மாறான குட்டிக் குரோமோசோம் ஒன்றைக் கண்டார்கள். ஊரின் பெயரே அதற்கு நின்றுவிட்டது: பிலடெல்பியா குரோமோசோம். அது ஒரு துண்டு தொலைந்துபோனதன் அடையாளமா, இடம் மாறியதன் அடையாளமா என்பது தெரியவில்லை. 1973இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி, துண்டு தொலையவில்லை, ஒன்பதாவது குரோமோசோமில் போய் ஒட்டியிருக்கிறது என்று காட்டினார். பிறகு 1980களில், ஒன்பதிலிருந்து வந்த ஏபிஎல் மரபணுவும் இருபத்திரண்டிலுள்ள பிசிஆர் மரபணுவும் ஒட்டி ஒரே மரபணுவாகி, அணுவைப் பெருகு பெருகு என்று விரட்டும் புரதத்தைச் செய்வது தெரிந்தது. அந்தப் புரதத்தின் வாயை அடைக்கும் மாத்திரையை பிரையன் டிரக்கர் 1998இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இமாட்டினிப், கடைப் பெயர் கிளிவெக். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளில் முற்றி உயிரைக் குடித்த நோய்க்கு, முதல் பெரிய ஒப்பீட்டு ஆய்வில் இமாட்டினிப் எடுத்தவர்களில் 83 விழுக்காட்டினர் பத்தாண்டு கழித்தும் உயிரோடிருந்தார்கள்.

சோதனை அறிக்கையும் மாத்திரையும் ஒரே கண்டுபிடிப்பின் இரு முனைகள் என்பதால்தான் இவ்வளவு கதை. அந்த ஒன்பதும் இருபத்திரண்டும் அறிக்கையில் இல்லாவிட்டால் மருந்தும் இல்லை. மலேசியச் சுகாதார அமைச்சும் மருந்து நிறுவனமும் மேக்ஸ் அறநிறுவனமும் செலவைப் பகிர்ந்துகொண்டு அரசாங்க மருத்துவமனை நோயாளிகளுக்கு கிளிவெக் கிடைக்கச் செய்த திட்டத்திலும் நோயாளி காட்ட வேண்டிய முதல் சான்று அந்த இடமாற்றம்தான். இந்தியாவில் கதை வேறு வழியில் போனது, அதுவும் சென்னை வழியாக. மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு உரிமை கேட்ட விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றிய வழக்கு 2013 ஏப்ரல் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நிறுவனம் தோற்றது. அப்போது மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் ஆன மருந்தின் பொதுப்பெயர் வடிவம் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் தொடர்ந்து கிடைத்தது.

மரபணுச் சோதனை என்று கேட்டதும் வீட்டில் எழும் முதல் கேள்விக்கும் மேலே சொன்ன எதற்கும் தொடர்பில்லை. இது பரம்பரையா? தம்பிக்கும் வருமா? மகளுக்கு வரன் பார்க்கும்போது சொல்லியாக வேண்டுமா?

இரத்தப் புற்றுநோயாளியின் அறிக்கையில் வரும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து வந்தவையும் இல்லை, பிள்ளைகளுக்குப் போகிறவையும் இல்லை. பிறந்து வளர்ந்த பிறகு, மஜ்ஜையிலுள்ள ஏதோ ஒரு தாயணுவில் நேர்ந்த பிழை அது. அந்த அணுவின் வாரிசுகளில் மட்டும் இருக்கும். தோலில், ஈரலில், விந்தில், கருமுட்டையில் இருக்காது. ஒன்பது-இருபத்திரண்டு இடமாற்றமும் இந்த வகைதான். அறிக்கையைப் பெட்டியில் பூட்டி வைத்து, நோயாளியின் தங்கைக்கு வந்த வரனைத் தட்டிக் கழிக்கும் குடும்பங்களுக்கு இந்த ஒரு தகவலாவது போய்ச் சேர வேண்டும்.

விலக்கு உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. டிடிஎக்ஸ்41, ரன்எக்ஸ்1, ஜிஏடிஏ2, சிஇபிபிஏ போன்ற சில மரபணுக்களில் பிறவியிலேயே பழுதிருந்து, அதன் விளைவாகக் கடும் மைலாய்டு புற்றுநோய் வருகிறவர்கள் சிறுபான்மையினர் இருக்கிறார்கள். அறிக்கையில் இந்தப் பெயர்களில் ஒன்று வந்து, பக்கத்திலுள்ள விழுக்காடு ஐம்பதை ஒட்டியிருந்து, நோய் தணிந்த பிறகும் அந்த எண் அசையாமல் நின்றால் மருத்துவர் சந்தேகப்படுவார். இரத்தத்தில் பார்த்து இதை உறுதிசெய்ய முடியாது. எச்சிலிலும் இரத்த அணுக்கள் கலந்திருக்கும். தோலில் சிறு துண்டு எடுத்து அணுக்களை வளர்த்துப் பார்ப்பதே நம்பகமான வழி. குடும்பத்தில் அண்ணனோ தம்பியோ மஜ்ஜை கொடுக்கப் போகிறார் என்றால் இந்தச் சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது அவசியம், அதே பழுது அவர் மஜ்ஜையிலும் இருக்கக்கூடும் என்பதால்.

தோட்டத்துக் குடும்பங்கள் கேட்கும் இன்னொரு கேள்விக்கும் அறிக்கையில் விடை இருக்காது: "அம்மா இருபது வருஷம் மருந்து அடிச்சாங்களே, அதனாலதானா?" ரப்பரும் பிறகு செம்பனையுமாக இருந்த கெடா தோட்டங்களில் முதுகில் தொட்டியைக் கட்டிக் களைக்கொல்லி தெளித்தவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள். மலேசியத் தோட்டப் பெண்களிடையே பூச்சிக்கொல்லி நஞ்சு குறித்து தெனாகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு அந்த வேலையின் பாதிப்புகளைப் பதிவு செய்தது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020இல்தான் மலேசியாவில் முழுத் தடை வந்தது. கேள்வி நியாயமானது. பென்சீன், கதிர்வீச்சு, முன்பு எடுத்த கீமோ ஆகியவை இரத்தப் புற்றுநோயைத் தரும் என்பது நிறுவப்பட்டது. கீமோவுக்குப் பிறகு வரும் நோயில் ஐந்தாவது, ஏழாவது குரோமோசோம்கள் பழுதாவதை அடிக்கடி பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரு தனிமனிதரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இது இந்த மருந்துத் தொட்டியால் வந்தது என்று காட்டக்கூடிய முத்திரை எதுவும் அதில் கிடையாது. இழப்பீட்டுக்காகவோ மனச் சமாதானத்துக்காகவோ அறிக்கையைப் புரட்டுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். குழப்பத்தில் பாதி, ஒன்றிடம் கேட்க வேண்டியதை இன்னொன்றிடம் கேட்பதால் வருவது.

குரோமோசோம்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் சோதனை, கேரியோடைப், எதையும் முன்கூட்டித் தேடுவதில்லை. கண்ணுக்குப் பட்டதையெல்லாம் சொல்லும். அதற்கு உயிருள்ள, பிரிந்து பெருகும் அணுக்கள் வேண்டும். அதனால்தான் மஜ்ஜையை ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயில் எடுக்கிறார்கள். மற்ற மூலக்கூறுச் சோதனைகளுக்கு ஊதா மூடிக் குழாய். ஹெப்பாரின் அந்தச் சோதனைகளைக் கெடுத்துவிடும். அதிலும் ஆர்என்ஏ தேவைப்படும் சோதனை என்றால் மாதிரி ஓரிரு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், ஆர்என்ஏ விரைவில் சிதைந்துவிடும். சுங்கைப் பட்டாணியிலிருந்து தேசியக் குருதியியல் மையமான அம்பாங் மருத்துவமனைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். பண்டிகை விடுமுறைக்கு முதல் நாள் எடுத்த மாதிரி எங்காவது தங்கிவிட்டால் அணுக்கள் வளராமல் போகலாம். அறிக்கையில் 'பிரியும் அணுக்கள் கிடைக்கவில்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது. சோதனை நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டையும் போட்டுக் குழப்பி நிம்மதியடைகிறவர்கள் உண்டு.

ஃபிஷ் எனப்படும் இரண்டாவது சோதனை, ஒளிரும் சாயம் பூசிய துண்டுகளைக் கொண்டு குறிப்பிட்ட ஒரு மாற்றத்தைத் தேடுவது. இருநூறு உயிரணுக்கள் வரை எண்ணுவார்கள், அணுக்கள் பிரிய வேண்டிய தேவையும் இல்லை. கேட்டதை மட்டும் காட்டும், கேட்காததைக் காட்டாது. தற்செயலாக இரண்டு ஒளிப்புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் ஆரோக்கியமானவரிடமும் ஓரிரு விழுக்காடு தெரியலாம். ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கென ஒரு வரம்பு வைத்திருப்பது இதனால்தான். ஒரு விழுக்காடு என்ற எண்ணின் பக்கத்தில் 'எதிர்மறை' என்று எழுதியிருந்தால் அது முரண்பாடு கிடையாது.

மூன்றாவது, பாலிமரேஸ் தொடர்வினை. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த அதே உத்திதான், இங்கே தேடப்படுவது ஒட்டிப்போன மரபணு. (இந்தச் சோதனையின் சுருக்கப் பெயரும் பிசிஆர், இருபத்திரண்டாவது குரோமோசோமிலுள்ள மரபணுவின் பெயரும் பிசிஆர். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே விழும். இந்தக் கட்டுரையில் இனி வரும் பிசிஆர் எல்லாம் மரபணுதான்.) லட்சம் அணுக்களில் ஒன்றிரண்டு இருந்தாலும் பிடித்துவிடும் அளவுக்கு நுண்மையானது. நான்காவது, பத்துக்கணக்கான மரபணுக்களை எழுத்தெழுத்தாக வாசிக்கும் வரிசைப்படுத்தல். புதியது, செலவு கூடியது, அதிகக் குழப்பமும் தருவது.

சிஎம்எல் நோயாளி வாழ்நாள் முழுதும் பார்க்கப்போவது மூன்றாவது சோதனையின் எண்ணைத்தான். 'பிசிஆர்-ஏபிஎல் 0.08%, ஐஎஸ்' என்பது போல வரும். அந்த ஐஎஸ் என்ற இரண்டெழுத்து முக்கியம். அது பன்னாட்டு அளவுகோலைக் குறிக்கிறது. அது இல்லாத எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட முடியாது. அளவுகோலில் நூறு என்பது முதல் பெரிய ஆய்வில் சேர்ந்த நோயாளிகளின் தொடக்க நிலை. அங்கிருந்து பத்திலொன்றாக, பத்திலொன்றாக இறங்குகிறது. ஐரோப்பிய லுக்கேமியா வலையமைப்பின் 2020 பரிந்துரைப்படி மூன்றாம் மாதத்தில் 10, ஆறாம் மாதத்தில் 1, ஓராண்டில் 0.1 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ் என்பது நல்ல நடை. 0.1ஐத் தொட்டால் பெரிய மூலக்கூறு பலன். 0.01, 0.0032 என்று இன்னும் ஆழமான படிகள் இருக்கின்றன.

இந்த எண்ணைப் படிப்பதில் இரண்டு விதப் பிசகு நடக்கிறது. முதலாவது, சிறு ஏற்றத்துக்கு அஞ்சுவது. போன முறை 0.008, இந்த முறை 0.015, வீட்டில் சோறு இறங்காது. ஆனால் இந்த ஆழத்தில் இரண்டு மடங்கு வேறுபாடு ஒரே குழாயை இருமுறை சோதித்தாலும் வரக்கூடியது. மருத்துவர் பார்ப்பது ஒரு புள்ளியை இல்லை, பல புள்ளிகள் போகும் திசையை. 0.1ஐத் தாண்டி ஏறினால், அதுவும் மறுசோதனையில் உறுதியானால்தான் அடுத்த கட்ட யோசனை. இரண்டாவது பிசகு அதைவிட ஆபத்தானது: 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லை முழுச் சுகம் என்று எடுத்துக்கொள்வது. அதே அறிக்கையில் ஒப்பீட்டுக்காக எண்ணப்பட்ட ஏபிஎல் பிரதிகளின் எண்ணிக்கை இருக்கும். அது பத்தாயிரத்துக்குக் குறைவாக இருந்தால் 0.01 வரைகூடப் பார்த்ததாகச் சொல்ல முடியாது, 0.0032 என்று சொல்ல முப்பத்திரண்டாயிரம் வேண்டும். கிடைத்த மாதிரி மோசமாக இருந்தாலும் ஒன்றும் தெரியாமல்தான் போகும். அந்த எண்ணைத் தேடிப் பார்க்கிற நோயாளியை மருத்துவர்கள் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பார்கள்.

எண் ஏறும்போது நோய் வென்றுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது: மாத்திரை ஒழுங்காகப் போகிறதா? லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனை 2010இல் 87 நோயாளிகளின் மருந்துப் புட்டியில் மின்னணு மூடி வைத்துக் கண்காணித்தது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மாத்திரை எடுத்தவர்களில் ஆறாண்டில் 0.1ஐ எட்டும் வாய்ப்பு 94.5 விழுக்காடு, அதற்குக் குறைந்தவர்களில் 28.4. பத்தில் ஒன்று என்பது மாதத்துக்கு மூன்று மாத்திரை. தைப்பூச விரதம், இரவு ஷிஃப்டு, மருத்துவமனைத் தேதி தவறியது என்று மூன்று நாள் போவது எளிது. விரதம் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் இமாட்டினிப் சாப்பாட்டோடும் நிறையத் தண்ணீரோடும் எடுப்பது, அதற்கு மாற்றாகக் கொடுக்கப்படும் நிலோட்டினிப் வெறும் வயிற்றில் எடுப்பது. இதைக் கிளினிக்கில் சொல்லிவிட்டு விரதம் இருப்பதே முறை.

மாத்திரை ஒழுங்காகப் போயும் எண் ஏறினால் அடுத்து வரும் சோதனை ஏபிஎல் மரபணுவில் மாற்றம் தேடுவது. அதில் அஞ்சப்படும் பெயர் டி315ஐ. புரதத்தின் 315ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறி, மாத்திரை நுழையும் வாசல் அடைபட்டுப் போகும். இமாட்டினிப் மட்டுமின்றி தாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப் மூன்றும் அங்கே தோற்கும். பொனாட்டினிப், அசிமினிப் என்ற மருந்துகள் அங்கேயும் வேலை செய்பவை. மறுபக்கம், எண் பல ஆண்டுகள் ஆழத்திலேயே கிடந்தால் மருந்தை நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு வருகிறது. நிறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்பவில்லை என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. திரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலேயே திரும்புகிறது. அதனால் அந்தக் காலத்தில் மாதாமாதம் சோதனை. ஆசியாவில் இந்நோய் மேற்கைவிட இளம் வயதில் வருவதால் பிள்ளை பெற விரும்பும் பெண்களுக்கு இந்த ஆழமான எண் வேறு ஓர் அர்த்தம் பெறுகிறது. இமாட்டினிப் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து. எண்ணைப் பார்த்து, நாள் குறித்து, மருத்துவரோடு பேசி நிறுத்துவதே வழி. கர்ப்பம் தெரிந்த பிறகு ஓடுவது தாமதம்.

கடும் மைலாய்டு புற்றுநோயில், அதாவது ஏஎம்எல்லில், காலமே வேறு. அங்கே மாதங்களுக்கு நேரமில்லை. அதிலும் பதினைந்தும் பதினேழும் இடம் மாறிக்கொள்ளும் புரோமைலோசைட்டிக் வகை, இரத்தம் உறையாமல் போய் ஒரு வாரத்துக்குள் உயிரைப் பறிக்கக்கூடியது. அதனால் சந்தேகம் வந்த அன்றே மருத்துவர் வைட்டமின் ஏயின் உறவான மாத்திரையைத் தொடங்கிவிடுவார், அறிக்கைக்காகக் காத்திருக்க மாட்டார். ஆனால் சரியாகப் பிடித்தால் இரத்தப் புற்றுநோய்களிலேயே குணமாகும் வாய்ப்பு மிகுந்தது இதுதான். இந்த வகைக்கு ஆர்செனிக் ட்ரையாக்சைடை மட்டுமே தனி மருந்தாகக் கொடுத்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் விக்ரம் மேத்யூஸ் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் 72 நோயாளிகளில் 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. விலை உயர்ந்த கீமோவுக்குக் காசில்லாத நோயாளிகள் நிறைந்த மருத்துவமனையில் பிறந்த ஆய்வு அது. பின்னால் இத்தாலிய, ஜெர்மானியக் குழுக்கள் அதே ஆர்செனிக்கை அந்த மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்து 2013இல் உலகத் தரமாக்கின.

மற்ற ஏஎம்எல் வகைகளில் அறிக்கை மூன்று வகுப்புகளில் ஒன்றைச் சொல்லும்: சாதகம், நடுத்தரம், பாதகம். எட்டும் இருபத்தொன்றும் இடம் மாறியிருந்தால் சாதகம். டிபி53 மரபணு கெட்டிருந்தால் பாதகம். இந்த வகுப்பைக் கேட்டதும் குடும்பங்கள் இடிந்துபோகின்றன, அல்லது கொண்டாடுகின்றன. ஜோசியக்காரர் கட்டத்தைப் பார்த்துச் சொன்ன பலனைப் போல அது மாறாதது என்று நினைக்கிறார்கள். உண்மையில் வகுப்பே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. என்பிஎம்1 மாற்றத்தோடு எஃப்எல்டி3 மரபணுவில் ஒரு பகுதி இரட்டித்தும் குறைந்த அளவில் இருந்தால், 2017 ஐரோப்பியப் பட்டியலில் அது சாதகம். 2022 பட்டியலில் நடுத்தரம். நோயாளியின் அணுவில் எதுவும் மாறவில்லை. 2017இலேயே எஃப்எல்டி3யை அடக்கும் மிடோஸ்டாரின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மாத்திரை கிடைக்கும் நோயாளிக்கும் கிடைக்காத நோயாளிக்கும் அதே எழுத்தின் எடை ஒன்றாக இருக்காது. இந்த வகுப்புகள் ஆயிரக்கணக்கானோரின் சராசரியைச் சொல்பவை. அவற்றின் நேரடிப் பயன் ஒன்றுதான்: கீமோவோடு நிறுத்துவதா, மஜ்ஜை மாற்றுவதா என்று முடிவெடுப்பது.

வரிசைப்படுத்தல் அறிக்கையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் ஒரு விழுக்காடு இருக்கும். நாற்பது என்றால் வாசித்த பிரதிகளில் நாற்பது விழுக்காட்டில் அந்த மாற்றம் இருந்தது என்பதே பொருள். உடம்பில் நாற்பது விழுக்காடு புற்றுநோய் என்று வாசிப்பது தவறு. நோய் தணிந்த பிறகும் டிஎன்எம்டி3ஏ, டிஇடி2, ஏஎஸ்எக்ஸ்எல்1 என்ற மூன்றும் அறிக்கையில் தொடர்ந்து வரலாம். வயதானவர்களின் மஜ்ஜையில் புற்றுநோய் இல்லாமலேயே இவை இருப்பதுண்டு. அதனால் மிச்ச நோயைக் கணக்கிடும்போது இவற்றைச் சேர்ப்பதில்லை. என்பிஎம்1 மாற்றம் திரும்ப வந்தால் கதை வேறு.

குழந்தைகளின் கடும் லிம்ஃபாய்டு புற்றுநோயில், ஏஎல்எல்லில், நம் வட்டாரத்துக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 ஆய்வு 556 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. ஒவ்வொரு குழந்தையின் புற்றணுவுக்கும் ஒரு தனி மரபணு அடையாளம் உண்டு. அதைக் கண்டுபிடித்து, 33ஆம் நாளிலும் 12ஆம் வாரத்திலும் எத்தனை அணுக்கள் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணினார்கள். பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மிகாமல் இருந்த குழந்தைகளுக்குக் கடுமையான மருந்துகளைக் குறைத்தார்கள். குறைத்தும் பலன் கெடவில்லை. மொத்தக் குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் ஆறாண்டுக்கு நோய் திரும்பாமலும் வேறு கேடு நேராமலும் இருந்தார்கள் என்று 2012இல் எழுதினார்கள். இங்கே மரபணுச் சோதனை குழந்தைக்கு மருந்தைக் குறைத்துக் கொடுக்கவே பயன்பட்டது. கெட்ட செய்தி சொல்ல மட்டும்தான் இந்தச் சோதனை என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

இதே குழந்தைகளுக்கு வரும் இன்னோர் அறிக்கை உண்மையிலேயே பிறவி பற்றியது. தொடர் சிகிச்சையில் நாள்தோறும் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் மாத்திரையை உடம்பு எப்படிச் செரிக்கிறது என்பது என்யுடிடி15 மரபணுவைப் பொறுத்தது. ஐரோப்பியர்களில் இந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் டிபிஎம்டி என்ற வேறு மரபணு ஏற்கிறது. ஆசியர்களில் என்யுடிடி15 மாற்றம் அதிகம், தெற்காசியரும் விலக்கில்லை. இரண்டு பிரதியும் மாறிய குழந்தைகள் வழக்கமான அளவில் எட்டு விழுக்காட்டைத்தான் தாங்கினார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியது. அளவைக் குறைக்காவிட்டால் வெள்ளணு சரிந்து கிருமித் தொற்று வரும். இந்த எழுத்து வந்தால் நோய் மோசம் என்று பொருளில்லை. மாத்திரையைக் குறைக்க வேண்டும், அவ்வளவே.

'பொருள் தெளிவற்ற மாற்றம்' என்று அறிக்கையின் ஓரத்தில் ஒரு பட்டியல் வரும். அதைப் பற்றிப் பேசாமல் விட முடியாது, காரணம் அது தமிழருக்குச் சற்று நீளமாகவே வர வாய்ப்புள்ளது. ஒரு மாற்றம் சாதாரணமானதா என்பதை ஆய்வகங்கள் பெரிய மக்கள் தரவுகளோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கின்றன. அந்தத் தரவுகளில் நெடுங்காலம் ஐரோப்பிய வம்சாவளியினரே நிறைந்திருந்தார்கள். கெடாவிலுள்ள ஒரு தமிழரின் உடம்பில் தலைமுறை தலைமுறையாகத் தீங்கின்றி இருந்த எழுத்து வேறுபாடு அங்கே பதிவாகாமல் இருக்கலாம். புதிதாகப் பார்த்த இயந்திரத்துக்கு அது மர்மமாகத் தெரியும். 2019இல் ஜீனோம் ஏசியா திட்டம் 219 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 1,739 பேரின் மரபணுத் தொகுப்பை வெளியிட்டது இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சிகளில் ஒன்று. தெளிவற்ற மாற்றத்தை வைத்துச் சிகிச்சையை மாற்றக் கூடாது என்பது எல்லா வழிகாட்டிகளும் ஒத்துக்கொள்ளும் விதி. இணையத்தில் தேடிப் பயப்படுவதற்கு முன் இதை நினைவில் வைத்தால் சில இரவுத் தூக்கம் மிஞ்சும்.

மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றானால் எச்எல்ஏ பொருத்தச் சோதனை வரும். அது முழுக்கப் பெற்றோரிடமிருந்து வந்தது. உடன்பிறந்த ஒருவரோடு முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. லயன் வீட்டில் எட்டுப் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் ஒருவராவது அமைந்தார். இரண்டு பிள்ளைக் குடும்பங்களில் அந்தக் கணக்கு எதிராகப் போகிறது. சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் அத்தை, மாமா பிள்ளைகள் வரை தேடலை விரிப்பதில் பலன் இருக்கலாம். மலேசியாவின் தாயணுப் பதிவேடு 2000இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் தொடங்கியது. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர் ஏழு விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால் அங்கே கிடைக்காதவர்களுக்கு 2009இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி பதிவேட்டில் தேடுவதற்கு நியாயம் இருக்கிறது. பாதிப் பொருத்தமுள்ள தாயோ தந்தையோ பிள்ளையோ கொடுக்கும் முறையும் இப்போது வழக்கமாகிவிட்டது.

சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையில் குடிமக்களுக்குச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். பலர் நினைப்பது போல் முதல் தடை காசு மட்டும் கிடையாது. அறிக்கையை உட்கார்ந்து தமிழில் விளக்கக்கூடிய ஆள் இல்லை. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சில நிமிடங்களில் சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது. நாட்டிலேயே மரபணு ஆலோசகர்கள் மிகச் சொற்பம். பீடோங் பக்கம் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சிஎம்எல்லுக்கு ஒன்று, ஏஎல்எல்லுக்கு ஒன்று என்று நான்கு பக்கத் தமிழ்க் கையேடு எழுதுவது அவர்களுக்கு ஒரு பருவ வேலை. ஏன் யாரும் கேட்கவில்லை என்பது புரியவில்லை.

அதுவரை நோயாளி தானே செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. முதல் நாள் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அதில் தலையாயது. பின்னால் எதை ஒப்பிடுவதென்றாலும் அதனோடுதான் ஒப்பிட வேண்டும். சிஎம்எல்லில் ஒட்டுமரபணுவின் வகை அதில்தான் எழுதியிருக்கும். அபூர்வ வகை என்றால் வழக்கமான சோதனை அதைப் பிடிக்காமல் பொய்யாக 'இல்லை' என்று காட்டிவிடும். பினாங்கிலோ வேலூரிலோ இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறவர்கள் அறிக்கையின் அடியில் எந்த வகைப்பாட்டைப் பின்பற்றினார்கள் என்று எழுதியிருப்பதையும் பார்க்க வேண்டும். 2022இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பும் பன்னாட்டு ஒருமித்த வகைப்பாடு என்ற இன்னொன்றும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தன. சிஎம்எல்லில் 'முடுகு கட்டம்' என்ற நடுநிலையை முதலாவது நீக்கிவிட்டது, இரண்டாவது வைத்துக்கொண்டது. ஒரே நோயாளி, ஒரே மஜ்ஜை. ஓர் ஊரில் முடுகு கட்டம், இன்னோர் ஊரில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.